பளபளப்பு

கடைசி டைல்ஸை ஒட்டி, அதன் மேல் ஏறி நின்று குதிகாலால் அழுத்தியபோது கொளஞ்சிநாதனுக்கு முதுகு நிமிரவில்லை. ஆனாலும் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

அறை முழுக்கப் பளபளவென்று இருந்தது. குனிந்தால் மீசை தெரிந்தது.

அடியில் உள்ள தாளை உரித்துவிட்டு அப்படியே தரையில் ஒட்டுகிற டைல்ஸ். சிமெண்டு கலக்க வேண்டாம், கொத்தனாரைக் கெஞ்ச வேண்டாம். நாளைக்கு வருகிறேன் என்று சம்பந்தியம்மா நேற்றுச் சொன்னால், மனுஷன் ஒரு வீட்டுத் தரையை வேறு எப்படித்தான் மாற்றுவான்?

பக்கத்து வீட்டு தர்மராஜ் மட்டும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"செராமிக் கம்பெனியில சூளை பாத்துக்கிட்டு, வூட்டுல ஸ்டிக்கரு ஒட்டுற ஆளு இந்த விருத்தாசலத்துலயே நீ ஒருத்தன்தான்யா."

சிரிக்கட்டும். அவருக்கு இரண்டும் பையன்கள். பெண்ணைக் கட்டிக் கொடுத்தவன் பாடு அவருக்கு எங்கே தெரியப் போகிறது?

மகள் அன்புக்கரசிக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஆனால் தாய்வீட்டில் தாய் இல்லை. கனகா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பொம்பளை இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று பெண்ணாடத்தில் சம்பந்தி வீட்டுச் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

வேப்பூரிலிருந்து தங்கை ராஜம்மாள் வந்து தங்குவாள் என்று சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறமும் சம்பந்தியம்மா பானுமதி போன் செய்து, வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றால் என்ன அர்த்தம்? பெண்ணை அனுப்பாமல் இருக்க ஒரு குறை தேடி வருகிறார் என்றுதான் அர்த்தம். கொளஞ்சிநாதனுக்கு அப்படித்தான் பட்டது.

குறைக்கா பஞ்சம்? அந்தத் தரை அவரும் கனகாவும் சேர்ந்து பூசியது. கொத்து வேலை தெரியாத இரண்டு பேர் பூசினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. சொரசொரவென்று உள்ளங்காலைத் தேய்க்கும். தவழ்கிற வயதில் அன்புக்கரசியின் முழங்கால் சிவக்காத நாளே கிடையாது. பெண்ணாடத்து வீட்டிலோ வாசற்படி முதல் கிரானைட். அந்த வீட்டுக்காரம்மா இந்தச் சிமெண்டில் காலை வைத்தால் பேச்சு அதோடு முடிந்தது.

அதற்குத்தான் இந்தப் பளபளப்பு.

ஒட்டும்போது விழுந்த தூசியைப் போக்க, துணியை நனைத்துத் தரை முழுக்கத் துடைத்தார். வாளியை வைத்துவிட்டு வரலாமென்று சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார்.

கால் வழுக்கிக்கொண்டு போனது.

சன்னல் கம்பி கைக்குச் சிக்கியதால் விழவில்லை. கம்பியை விடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பயந்துபோனார். தனக்காக அல்ல.

வயிற்றைத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய், ஈரக் காலோடு திரும்பி வருகிற பெண்ணை நினைத்துப் பார்த்தார்.

காய்ந்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காய்ந்த இடத்தில் காலைத் தேய்த்தார். அங்கேயும் வழுக்கத்தான் செய்தது.

பெண்ணாடம் பஸ் இந்நேரம் ஸ்டாண்டுக்கு வந்திருக்கும். அந்தம்மா பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும் இருக்கட்டுமே, அப்புறம் உரித்துக்கொள்ளலாம் என்று ஒரு மனம் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு இந்தத் தரையில்தானே நடந்து வர வேண்டும்? முட்டி வலிக்காரர் வேறு.

கத்தியை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

ஒட்டும்போது சொன்ன பேச்சைக் கேட்ட டைல்ஸ் உரிக்கும்போது கேட்கவில்லை. தாள் மாதிரி கிழிந்தது. பசை தரையிலேயே தங்கிவிட்டது. ஆட்டோ வந்து நின்றபோது பாதி அறை பளபளத்தது, பாதி அறை சொறி பிடித்த மாதிரி கிடந்தது.

பானுமதி உள்ளே காலை வைத்தார். பாதம் பசையில் ஒட்டி, சட்டென்று சத்தத்தோடு பிரிந்தது. மண்டி போட்டிருந்த சம்பந்தியையும், அவர் கையிலிருந்த கத்தியையும், பக்கத்தில் கிடந்த குவியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

மானம் போயிற்று. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"வழுக்குதும்மா. அன்பு வந்து நடந்தா விழுந்துடும். அதான் எடுக்குறேன்," என்றார். "எங்க வூட்டுத் தரை இப்படித்தாம்மா இருக்கும்."

பானுமதி பசையைச் சுரண்டி எடுத்திருந்த ஓரமாகப் போய் நின்று, வெறுங்காலைப் பழைய சிமெண்டில் முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"போன வாரம் எங்க வூட்டு கிரானைட்டுல அன்பு வழுக்கி விழுந்துடுச்சிண்ணே. ஒண்ணும் இல்லன்னு டாக்டரு சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிடுச்சி. எங்க அப்பா வூட்டுத் தரை சொரசொரன்னு இருக்கும் அத்தேன்னு அன்னியிலேருந்து அதையே சொல்லிக்கிட்டு இருக்குது. அந்தத் தரையப் பாத்துட்டு, வளைகாப்ப பத்து நாள் முன்னாடியே வெச்சி அனுப்பிடலாமான்னு உங்கள கேக்கத்தான் வந்தேன்."



பானுமதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்திலிருந்த டைல்ஸின் முனையை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அது அசையவில்லை.

"இன்னொரு கத்தி இருந்தா குடுங்கண்ணே," என்றார்.