தேநீரா, மோச்சியா

பாதிக் கதையை வாசித்து நிறுத்திவிட்டு, தோமோரி காகிதங்களை மடித்துக்கொண்டு அறையை விட்டு வெளியேறினான்.

கியோட்டோவில், அந்தக் கல்லூரித் துப்பறியும் கதை மன்றத்தின் வழக்கம் அது. எழுதியவன் வெளியே போய் நிற்க வேண்டும். அவன் திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் கதையிலுள்ள சங்கேதத்தை உடைத்து விடை சொல்ல வேண்டும்.

கூசே இதுவரை ஒருமுறைகூடத் தோற்றதில்லை. தலைவர் நாற்காலி அவனுக்குக் கிடைத்ததே அதனால்தான். அந்த அறையில் மெத்தை வைத்த நாற்காலி அது ஒன்றுதான்.

தோமோரியின் கதையில் சில மாணவர்கள். மேசைமேல் தேநீரும், மோச்சி எனும் அரிசிமாவு இனிப்பு உருண்டைகளும். இரண்டில் ஒன்றில் விஷம். எதில் என்பது, செத்தவனின் சட்டைப்பையில் கிடந்த பேருந்துச் சீட்டுகளின் எண்களில் ஒளிந்திருக்கிறது.

மன்றத்து மேசைமேலும் தேநீரும் மோச்சியும் இருந்தன. தோமோரிதான் கொண்டுவந்து வைத்திருந்தான். அவன் படிப்பது மருந்தியல்.

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் எதையும் தொடவில்லை.

கூசே மட்டும் தன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு மோச்சியை எடுத்து வாயில் போட்டான். மற்றவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்லிவிட்டு, இன்னொன்றையும் போட்டுக்கொண்டான்.

சீட்டு எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சிசுரு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"கிடைச்சிருச்சு. தேநீர்ல ஒண்ணுமில்ல. மோச்சியிலதான்."

எங்கோ தப்பு செய்திருக்கிறாய், மறுபடி போட்டுப் பார் என்றான் கூசே. அவள் பொறுமையாகப் போட்டுப் பார்த்தாள்.

மறுபடியும் மோச்சிதான்.

மதியம் தோமோரி சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, அவன் பையைத் திறந்து கூசே படித்த கடைசிப் பக்கத்தில் விஷம் தேநீரில் என்றுதான் இருந்தது. போன வாரம் வேறொருவன் பை. அதற்கு முந்தின வாரம் சிசுருவின் பை. இதுவரை எந்தப் பையும் அவனிடம் பொய் சொன்னதில்லை.

கதவு திறந்தது.

தோமோரி யாரிடமும் விடை கேட்கவில்லை. தட்டைப் பார்த்தான். கூசேயின் முன்னால் ஆறிக்கொண்டிருந்த தேநீரைப் பார்த்தான்.

"மோச்சியை மட்டும் எதை நம்பிச் சாப்பிட்டீங்க, அண்ணே?"

எல்லாத் தலைகளும் கூசே பக்கம் திரும்பின.

உண்மையைச் சொன்னால் நாற்காலி போய்விடும். கூசே அதில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். தனக்கு மோச்சி என்றால் உயிர் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

நாக்கு மரத்துப்போயிருந்தது.