ஈறில் சிக்கிய முடி

மருத்துவரின் நுண்ணோக்கித் திரையில், நிலவொளியில் வளைந்தோடும் கரிய ஆறு போல ஒரு முடி கிடந்தது. அதைச் சுற்றி வெளிர்சிவப்பு வளையங்கள்.

"பயப்படாதீங்க, இது அந்த வியாதி இல்லை. ஈறுக்குள்ள முடி போயிருக்கு. வெளியே தள்ள முடியாததைச் சுத்தி உடம்பு சுவர் கட்டிக்கும். அதுதான் இந்தக் கட்டி. முடி வெட்டுறவங்களுக்கு விரலிடுக்குல வரும். வாய்ல வர்றது ரொம்ப அபூர்வம்."

சலூன்காரர் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி விடவில்லை.

"விரல்ல சரி. வாய்க்குள்ள யாரு முடிங்க போகும்?"

மருத்துவர் நாசூக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன்னோடதுதான்."

"பொய் சொல்லாதீங்க. எனக்கு ஏது முடி?" அவள் கை தலையில் கட்டியிருந்த துணியைத் தொட்டது.

"உனக்கு சிகிச்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நானே மழிச்சேனே, அன்னைக்கு. கண்ணாடி முன்னாடி நீ சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தே. பின்னால கண்ணாடியில தெரியாம குனிஞ்சு நின்ன நான் உன் பின்னலைப் பல்லால கடிச்சுக்கிட்டேன். இல்லேன்னா என் அழுகை உனக்குக் கேட்டிருக்கும்."

அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு கருப்பாவா இருந்துச்சு?"