பின்னறைக் கிற்றார்

என் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தகப்பன் பொன்னையா வாத்தியார், எங்கள் மாங்குளம் வீட்டைச் சுற்றிப் பார்க்கையில் பின்னறைக் கதவையும் திறந்துவிட்டார். மேசையில் பாதி செய்த மின்சாரக் கிற்றார் கிடந்தது. மகள் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“இது ஆற்றை வேலை?”

நான் வாய் திறக்குமுன் என் மகன் நவநீதன், “என்ரை வேலைதான், ஐயா,” என்றான்.

“வீட்டைச் சீதனமாத் தாறியள். என்ரை பிள்ளை இஞ்சை வந்து இருக்கப்போறான். இந்தக் கூத்தெல்லாம் ஆடுற ஆளோடை அவன் ஒரு வீட்டிலை இருக்கேலாது.”

“அப்ப நான் இண்டைக்கே போயிடுறன்,” என்றான் மகன்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். “நீங்கள் என்ன சொல்லுறியள்?”

மகளுக்கு இது நாலாவது சம்பந்தம். எங்கள் குடும்பத்தில் கொடுத்த வாக்கை எவரும் மீறியதில்லை.

“போவான்,” என்று வாக்குக் கொடுத்தேன்.

பின்னேரம் அவனைக் கொழும்பு ரயிலில் ஏற்றினேன். “தங்கச்சியை ஏசிப்போடாதையுங்கோ, அப்பா,” என்றான்.

வீடு திரும்பியபோது, மகள் பின்னறையில் இருந்தபடி அந்தக் கிற்றாரின் ஒலி வாங்கும் காந்தத்துக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு முடிச்சிடுவன், அப்பா,” என்றாள் தலை நிமிராமல். “அண்ணாவுக்குத்தான் முதல்லை வாசிச்சுக் காட்டோணும். எங்கை அவர்?”