நேரலையில் நாபோர்

“தலையை வாரிக்கோங்க, நாபோர். கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க. ஊரே உங்களைப் பார்க்கப் போகுது” என்றாள் எர்மினியா.

“முப்பது வருஷமா நான்தான் மத்தவங்களைச் சிரிக்கச் சொல்லிட்டு இருக்கேன், சென்யோரா. எனக்கு இப்ப வரமாட்டேங்குது.” நாபோர் சீப்பை எடுத்துத் தலையை வாரத் தொடங்கினார்.

நாபோர் ஊர் ஊராகக் குட்டைக் குதிரையோடு போய், அதன்மேல் குழந்தைகளை உட்கார வைத்துப் படம் எடுப்பவர். இன்று காலை ஒரு சிறுமியை அவர் குதிரைமேல் தூக்கி வைப்பதை யாரோ செல்போனில் பிடித்து, ‘பிள்ளை பிடிக்கிறவன், உஷார்!’ என்று இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். மதியத்துக்குள் மூவாயிரம் பேர் பகிர்ந்தாகிவிட்டது.

இப்போது சான் ஹசிந்தோவில் பாதி ஊர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில். நாபோரை உள்ளே பூட்டி வைத்திருப்பதாக நம்பி, பெட்ரோல் கேன்களோடு நிற்கிறது. உள்ளே இருப்பதோ இரண்டே போலீஸ்காரர்கள். தலைநகரிலிருந்து படை வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

நாபோரை அங்கே கொண்டுபோகவே இல்லை. எர்மினியாவின் மகனுக்கு ஞானத்தாய் என்ற உறவில் அவளைக் ‘கொமாத்ரே’ என்று கூப்பிடும் ஒப்தூலியா, தன் சோள ரொட்டி மில்லில் மூட்டைகளுக்குப் பின்னால் அவரை ஒளித்து வைத்திருந்தாள்.

எர்மினியா இருபத்திரண்டு வருட நிருபர். சிறுமியின் தாயைத் தேடிப் பிடித்து, கைப்படக் கடிதம் வாங்கி, மறுப்புச் செய்தியை முறைப்படி எழுதிப் பத்திரிகையின் பக்கத்தில் போட்டிருந்தாள். படித்தவர்கள் பதினொரு பேர்.

ஆசிரியர் தொன் ஃபவுஸ்தோ போனில் கத்தினார். “எழுத்தை எவன்மா படிக்கிறான்? லைவ் போடு! ஆளைக் காட்டு!”

“ஒளிஞ்சிருக்கிறவரைக் காட்டறது நம்ம வழக்கம் இல்லையே, தொன் ஃபவுஸ்தோ?”

“வழக்கத்தைக் கட்டிக்கிட்டு அழு. நாளைக்கு அந்த ஆளோட சாவுச் செய்தியை முறைப்படி எழுதலாம்.”

எர்மினியா நேரே மில்லுக்கு வந்துவிட்டாள். நாபோர் தலையை வாரி முடித்ததும் லைவைத் தொடங்கிப் போனை உயர்த்திப் பிடித்தாள்.

நாற்பது பேர் பார்த்தார்கள். நானூறு. இரண்டாயிரம். தாயின் கடிதத்தை எர்மினியா உரக்கப் படித்தாள். நாபோர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அந்தம்மாதான் கூப்பிட்டாங்க. பாப்பாவுக்கு நாளைக்குப் பிறந்தநாளு. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குங்க.”

கமெண்டுகள் கொட்டின. ‘பழைய வீடியோ!’ ‘காசு வாங்கின பத்திரிகைக்காரி.’ ‘நிஜ லைவ்னா நிரூபி. சுத்திக் காட்டு பார்ப்போம்!’

ஆதாரம் கேட்டுவிட்டால் எர்மினியாவுக்குக் கை சும்மா இருக்காது. இத்தனை வருடப் பழக்கம் அப்படி. போனை மெதுவாகச் சுழற்றினாள். மூட்டைகள், அரைவை இயந்திரம், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தேவாலயக் கோபுரக் கடிகாரம்.

“நாலு பத்து! உங்க கடிகாரத்தையும் பாருங்க. இப்ப நடக்கிறதுதான் இது!”

கமெண்டுகள் சட்டென்று மாறின. ‘ஆமா, லைவ்தான்.’ ‘நன்றி சென்யோரா.’ அப்புறம் ஒன்றுமே வரவில்லை. ஐயாயிரம் பேரும் வாயடைத்துப் போனமாதிரி இருந்தது.

அடுத்த நிமிடம் ஸ்டேஷனிலிருந்து போலீஸ்காரர் கூப்பிட்டார். “சென்யோரா எர்மினியா! என்ன மாயம் பண்ணீங்க? கூட்டம் கலையுது! ஒரு கல்லுகூட எறியாம, கேனைத் தூக்கிட்டுத் திரும்பிப் போறாங்க!”

எர்மினியா மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை இப்போதுதான் வந்தது.

“நான் சொன்னேனில்ல, கொமாத்ரே?” ஒப்தூலியா அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். “நம்ம ஜனங்களுக்கு வாய்தான் வேகம். மனசு வெல்லம்.”

சூடான சோள ரொட்டியில் உப்பைத் தூவிச் சுருட்டி நாபோர் கையில் கொடுத்தாள். “சாப்பிடுங்க. குதிரையை அப்புறம் தேடலாம்.”

நாபோர் ஒரு வாய் கடித்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

கதவு தட்டப்பட்டது. படை சீக்கிரமே வந்துவிட்டது என்று நினைத்த எர்மினியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே போய்த் திறந்தாள்.

வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒருவன். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவனுக்குப் பின்னால் தெரு நிறையத் தலைகள். யாரும் கத்தவில்லை.

அவன் அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

“ரொம்பப் புண்ணியம், சென்யோரா. நீங்க மட்டும் காட்டலேன்னா, அவன் இல்லாத ஸ்டேஷனை வீணா எரிச்சிருப்போம்.”