மிச்சம் வைத்த அரைமணி

தோற்ற அன்று அழுவதற்கென்று கம்பெனியே நேரம் ஒதுக்கித் தந்தால், நீங்கள் உடனே அழுதுவிடுவீர்களா?

ஷார்ஜா கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்கும் அருளப்பன் அண்ணாச்சி, சூப்பர்வைசர் தேர்வில் மறுபடியும் தோற்றார். உடனே கம்பெனி அவர் கையில் கட்டிவிட்டிருந்த பட்டை பேசியது. "வருத்தப்பட அரைமணி நேரம் தரப்பட்டுள்ளது. இன்றைக்குள் பயன்படுத்தவும்."

"அழுதிருங்க அண்ணாச்சி. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன்.

"ஏல, இப்பமே அழுது தீத்துட்டா, சாயங்காலம் ஸ்டெல்லாகிட்ட சொல்லும்போது என்ன செய்ய? நான் சூப்பர்வைசர் ஆயிருவேன்னு அவ தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கா."

ஊருக்குப் போவதற்காக லீவைச் சேர்த்து வைத்தே பழகியவர். இதையும் சேர்த்து வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்.

சாயங்காலம் போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி ஸ்டெல்லா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ பிள்ள, இதுக்குப் போயா அழுவாவ? அடுத்த தடவை எழுதி வாங்கிர மாட்டேனா?" என்று சிரித்தார். அவளைத் தேற்றி முடிப்பதற்குள் அவருக்கே தூக்கம் வந்துவிட்டது. அரைமணி நேரம் அப்படியே மிஞ்சிப்போனது.

மறுநாள் காலை, தோற்றதற்கு வருந்தாதவருக்கு அந்த வேலையில் ஆர்வமில்லை என்று சொல்லி, இனி அவர் தேர்வு எழுத முடியாதபடி பெயரை எடுத்துவிட்டார்கள்.