கட்டிலில் இருக்கும் படம்

அவள் செல்போனைத் தூக்கிப் பிடித்ததும் ஒச்சம்மா சிரித்துவிட்டாள்.

அதுதான் வினையாகிப்போனது.

ஆள் நிஜமாகவே ஆஸ்பத்திரியில் இருக்கிறாளா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிய வேண்டும். கட்டிலில் இருக்கும் படம் அனுப்பச் சொன்னார்கள். எப்போதும் கேட்பதுதான். ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேசையில் வேலை பார்க்கும் அவள்தான் எடுத்து அனுப்புவாள்.

குடல்வால் வெடித்து ஒச்சம்மாவின் வயிறு கல்லாகிக் கிடந்தது. ஆனாலும் போட்டோ என்றதும் எழுந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். மருமகளிடம் பொட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

பதில் உடனே வந்தது.

'நோயாளி நலமாகத் தெரிகிறார். அவசர அறுவை சிகிச்சை எதற்கு?'

அடப்பாவிகளா!

ஸ்கேன் அனுப்பியிருக்கிறாள். டாக்டர் கடிதம் அனுப்பியிருக்கிறாள். அவர்கள் கண்ணில் பட்டது பல் மட்டும்தான்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு குரல். பிறகு புல்லாங்குழல். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இனியும் தள்ளினால் உயிர் தங்காது என்று சர்ஜன் சொல்லிவிட்டார். ஆபரேஷன் தியேட்டரில் எல்லாம் தயார். ஆனால் கம்பெனியின் அனுமதி 'வந்துருச்சு' என்று இன்சூரன்ஸ் மேசையிலிருந்து சொல்லாமல் இங்கே ஸ்ட்ரெச்சர் நகராது.

ஆஸ்பத்திரி மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு போட்டோ எடும்மா. அழச் சொல்லு."

போய்ச் சொன்னாள். சொல்லும்போதே நாக்கு கூசியது.

ஒச்சம்மாவுக்கு உதடு வெளுத்திருந்தது. மூச்சு வாங்கியது.

"எம்புருசன் செத்தன்னைக்கே நாலு பேரு முன்னாடி நான் அழுகல. எவனோ மூஞ்சி தெரியாதவனுக்கு அழுகணுமாக்கும்? போ தாயி."

அவள் செல்போனை இறக்கினாள்.

வார்டு போனை எடுத்து தியேட்டரைக் கூப்பிட்டாள்.

"வந்துருச்சு. ஒச்சம்மாவக் கூட்டிட்டுப் போங்க."

வேலை போனால் போகட்டும்.

ஸ்ட்ரெச்சர் போனது. தியேட்டர் கதவு சாத்தும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு திரும்பி வந்து காலிக் கட்டிலைப் படம் எடுத்தாள். கசங்கிய விரிப்பு. தலையணை. தரையில் ஒச்சம்மாவின் செருப்பு.

அதையே கம்பெனிக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

மேசைக்கு வருவதற்குள் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து. அவர்களாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"மேடம், பேஷன்ட் எங்க மேடம்? என்னாச்சு?"

குரல் பதறியது.

"கொஞ்சம் லைன்ல இருங்க" என்றாள்.

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.