நாற்பது கஜம்

"மூணு வருஷத்துக்கு மானைத் தொடக் கூடாதுன்னு லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க. அப்புறம் எதுக்கு மச்சான் உனக்குப் புது வில்லு?"

பிக்கப் வண்டியிலிருந்து இறங்கும்போதே ராய்ஸ் ஆரம்பித்துவிட்டான். ஆர்லனின் மனைவி நொரீனுக்கு அவன் கூடப்பிறந்தவன். மச்சானைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சாப்பிட்டது செரிக்காது.

ஆர்லன் மாட்டுக் கொட்டகையின் பக்கவாட்டில் நின்று, கால் மாற்றிக் கால் மாற்றி அசைந்துகொண்டிருந்தான். வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் விடிந்தால் விஸ்கான்சினில் வில் வேட்டை சீசன். ஊரில் எவனுக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

போன வருஷம் இதே நாளில்தான் ஆர்லனின் மானம் போயிற்று. சீசனுக்கு முந்தின நாள், வேட்டைக்குத் தடை இருக்கும்போதே, அவன் வயலோரத்தில் ஒரு பெரிய கலைமான் செத்துக் கிடந்தது. அதன் விலாவில் ஏறியிருந்த அம்பில் அவன் பெயர். தன் அம்புகளில் எல்லாம் பெயர் எழுதி வைப்பது அவன் வழக்கம். 'நான் எய்யவே இல்லை' என்று தலைதலையாய் அடித்துக்கொண்டான். யார் கேட்டார்கள்? மதுக்கடைச் சுவரில் ஊர் வேட்டைக்காரர்களின் பெயர்களை எழுதி வைக்கும் கரும்பலகை ஒன்று உண்டு. முப்பது வருஷமாக அதில் இருந்த அவன் பெயரை அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் மறுபடி ஏறுகிற வரைக்கும் தனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை என்று நொரீனிடம் அவன் சொல்லாத நாள் இல்லை.

"பயிற்சிக்கு வெச்ச ஃபோம் திண்டை அடிக்கிறதுக்கு லைசென்ஸ் வேணாம்," என்றான் இப்போது. "எனக்குத் தோள்பட்டை சரியில்ல. நீ எய்து பாரு. வில்லு எப்படின்னு சொல்லு."

இடது கையாலேயே வில்லை நீட்டினான். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில். ராய்ஸ் அதைப் புதுப்பெண்ணைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்பைக் கோத்து நாணை இழுத்தான். பாதி வரைக்கும் தோளை உலுக்கிய பாரம், சக்கரம் உருண்டதும் சட்டென்று பஞ்சாகிவிட்டது. விட்டான். 'தொப்' என்று இருபது கஜத்தில் இருந்த திண்டின் நடுவில் போய் இறங்கியது.

அடுத்த அம்பும் தொப். அதற்கடுத்ததும் தொப். பிள்ளைத்தாச்சிகூட இழுத்துவிடலாம் என்று ராய்ஸ் மெச்சிக்கொண்டான். ஆர்லனோ வில்லையே கவனிக்கவில்லை. வானத்தைப் பார்ப்பதும், தொப்பியை இழுத்து விடுவதும், கொட்டகை மூலை வரை நடந்து போய்த் திரும்புவதுமாக இருந்தான்.

ராய்ஸுக்குச் சிரிப்பு வந்தது. "கை ஊறுதா மச்சான்? நாளைக்கு நாங்கல்லாம் மரத்து மேல பரண்ல உக்காந்திருப்போம். நீ இங்க பால் கறந்துட்டு இரு."

"இருபது கஜத்துல யாரும் அடிப்பாங்க," என்றான் ஆர்லன். "நாப்பதுக்குப் போ."

ராய்ஸ் ரோஷத்தோடு பின்னால் நடந்தான். கொட்டகை மூலையைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டான்.

வயலோரத்தில், புதரை ஒட்டி ஒரு கலைமான். பத்துக் கிளைக் கொம்பு. வால் ஒருமுறை அசைந்தது.

ராய்ஸ் மெல்லக் குந்தினான். கடைசி வெயில் அவன் முகத்தில் விழுந்தது.

"வேணாம் ராய்ஸ்," என்று ஆர்லன் கிசுகிசுத்தான். "சீசன் நாளைக்குத்தான். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா?"

இது தன் வயல் என்றும், ஏற்கெனவே பட்டது போதும் என்றும் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். ராய்ஸ் காதில் எதுவும் ஏறவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். ஆர்லனின் அம்பிலிருந்த மழுங்கலான பயிற்சி முனையைத் திருகிக் கழற்றிவிட்டு, பிளேடு வைத்த வேட்டை முனையைத் திருகி மாட்டினான். பழகிய கை. பார்க்காமலே மாட்டியது.

"அது என் அம்பு. என் பேர் எழுதியிருக்கு."

"அதான் வசதி," என்றான் ராய்ஸ். "உனக்குப் போன லைசென்ஸ் இன்னொரு தடவையா போகப்போகுது?"

ஆர்லனின் முகம் வெளுத்தது. "போன வருஷமும் இப்படித்தான் முனையை மாத்துனியா?"

"அப்பவும் உனக்கு ஒண்ணும் தெரியல, இப்பவும் தெரிய வேணாம். மெதுவாப் பேசு, ஓடிடப்போகுது."

நாணை இழுத்தான். மூச்சைப் பிடித்தான். விட்டான். அம்பு கலைமானின் முன்காலுக்குச் சற்றுப் பின்னால், அச்சுப் பிசகாமல் இறங்கியது.

சத்தம்தான் சரியில்லை. அரை மணியாகத் திண்டில் கேட்ட அதே 'தொப்'. மான் துள்ளவில்லை, ஓடவில்லை. விலாவில் அம்போடு நின்றபடி வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது.

கொட்டகையை ஒட்டி அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து வனத்துறை அதிகாரி எழுந்து வந்தார். "வில்லைக் கீழ வைங்க ராய்ஸ். நீங்க பேசுனது எல்லாமே கேட்டுச்சு," என்றார்.

ஆர்லன் அப்போதுதான் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்தான். அதிலிருந்த சின்ன ரிமோட்டை அழுத்தினான். மானின் வால் நின்றது.